வெளிநாட்டுத் தபால் கணக்கில் ஸ்கேன் விழாத ஆர்டிகிள்: சேலம், ஏற்காடு அனுபவப் பகிர்வு

அம்மாப்பேட்டை, தபால் தரவு வேலை:

சேலத்திலிருந்து வெளிநாடு போகும் தபால் எத்தனை நாளில் சேர்கிறது என்று மாதாமாதம் ஒரு சதவீதம் தயாராகிறது. அது எப்படி உருவாகிறது, எங்கே பிசகுகிறது என்று வேலை தெரிந்தவர்கள் இங்கே எழுதுங்கள். எந்த ஸ்கேன், எந்தக் கட்டம், எப்படிச் சரிசெய்வது என்ற அளவில் இருந்தால் அடுத்தவருக்கு உதவும். எந்த அலுவலகத்தின் பெயரும் வேண்டாம்.

எனக்கு முக்கியமாகப் படுவது வகுக்கும் எண்தான். 100 ஆர்டிகிள் (பார்கோடு எண் ஒட்டிய கடிதம், பார்சல்) புக் ஆனதாக வைத்துக்கொள்வோம். 80-க்கு மட்டும் பட்டுவாடா ஸ்கேன் திரும்பி வந்திருக்கிறது. அதில் 72 உரிய நாளுக்குள் போயிருக்கின்றன. அறிக்கையில் 72-ஐ 80-ஆல் வகுத்து 90 சதவீதம் என்று போடுவார்கள். மீதி 20 என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியாது. அவை எல்லாமே நேரத்துக்குப் போயிருந்தால் 92 சதவீதம். ஒன்றுகூடப் போகவில்லை என்றால் 72. நேர்மையாகச் சொல்வதானால் "72-க்கும் 92-க்கும் நடுவில், 20 ஆர்டிகிள் பற்றித் தகவல் இல்லை" என்றுதான் எழுத வேண்டும். இதில் கொடுமை என்னவென்றால், தொலைந்து போகும் ஆர்டிகிளும் தாமதமாகும் ஆர்டிகிளும்தான் ஸ்கேன் இல்லாமல் போக அதிக வாய்ப்பு உள்ளவை. மோசமானவை தானாகவே கணக்கிலிருந்து விழுந்துவிடுகின்றன. ஸ்கேன் குறையக் குறைய சதவீதம் அழகாகிறது.

ஆகவே முதல் மாற்றம்: பட்டுவாடா தேதியை வைத்துக் கணக்கெடுக்காமல், புக்கிங் வாரத்தை வைத்து எடுக்க வேண்டும். ஒரு வாரத்தில் புக் ஆன எல்லா எண்களையும் ஒரு பட்டியலில் பூட்டிவிடுங்கள். பிறகு எதையும் நீக்கக் கூடாது.

சேலம் டவுன், கவுண்டர் அனுபவம்:

அண்ணன் சொன்ன பட்டியல் சரியாக வர வேண்டுமென்றால் எண் சரியாக இருக்க வேண்டும். வெளிநாட்டு ஆர்டிகிள் எண் உலக அஞ்சல் ஒன்றியத்தின் எஸ்10 தரப்படி 13 இடங்கள் கொண்டது: முதல் 2 எழுத்து சேவை வகை, அடுத்த 8 இலக்கம் வரிசை எண், 1 சரிபார்ப்பு இலக்கம், கடைசி 2 எழுத்து நாடு. 'ஈ'யில் தொடங்கினால் ஈஎம்எஸ் ஸ்பீட் போஸ்ட், 'ஆர்' என்றால் பதிவுத் தபால், 'சி' என்றால் பார்சல், 'வி' என்றால் காப்பீடு செய்தது.

சரிபார்ப்பு இலக்கத்தைக் கையாலேயே போட்டுப் பார்க்கலாம். எட்டு இலக்கங்களை வரிசையாக 8, 6, 4, 2, 3, 5, 9, 7-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். 11-ஆல் வகுத்து, மீதியை 11-லிருந்து கழியுங்கள். விடை 10 என்றால் 0, 11 என்றால் 5. உதாரணம் 12345678: 8 + 12 + 12 + 8 + 15 + 30 + 63 + 56 = 204. மீதி 6. 11 - 6 = 5. ஆக ஒன்பதாவது இலக்கம் 5.

பார்கோடு கசங்கியோ மை பரவியோ இருக்கும்போது எண்ணைக் கையால் அடிக்கிறார்கள். மென்பொருள் இந்தக் கணக்கைச் சோதிக்காமல் விட்டால் தவறான எண் ஒன்று பிறந்துவிடும். அதற்கு புக்கிங் மட்டும் இருக்கும், மேலே எதுவும் வராது. சரியான எண்ணுக்கோ பாதி வழியிலிருந்து ஸ்கேன் இருக்கும், புக்கிங் இருக்காது. ஒரே ஆர்டிகிள் இரண்டு குறையாகக் கணக்கில் ஏறுகிறது. புக்கிங் இல்லாமல் நடுவழியில் முளைக்கும் எண்களைத் தனியே எடுத்து, ஒரே ஒரு இலக்கம் மாறிய எண் அதே நாள் பட்டியலில் இருக்கிறதா என்று தேடினால் நிறைய ஜோடிகள் சேர்ந்துவிடும்.

இன்னொன்று. ஒரே எண்ணை ஓராண்டுக்குள் மறுபடி பயன்படுத்தக் கூடாது. ஸ்டிக்கர் ரோல் இரண்டு இடத்துக்கு ஒரே வரிசையில் அச்சாகிப் போனால் பயண நாள் 380 என்றோ, மைனஸ் 4 என்றோ வரும். அப்படி வருவதை "தப்பான தரவு" என்று அழித்துவிடாதீர்கள். எந்த ரோல் என்று பின்தொடருங்கள்.

பரிமாற்ற அலுவலக வேலை, தற்போது சூரமங்கலம்:

ஆர்டிகிளைப் பார்த்தாயிற்று, பையைப் பார்ப்போம். நாடுகள் ஒன்றுக்கொன்று தபால் பைகளைக் கொடுத்து வாங்கும் இடம்தான் பரிமாற்ற அலுவலகம். வெளிநாட்டுப் பை லேபிளில் 29 இடங்கள் கொண்ட எண் இருக்கும். புறப்படும் பரிமாற்ற அலுவலகக் குறி 6, சேரும் அலுவலகக் குறி 6, தபால் வகை 1, உட்பிரிவு 2, ஆண்டின் கடைசி இலக்கம் 1, டெஸ்பாட்ச் (ஒரே தடவையில் சேர்த்து அனுப்பும் பைகளின் தொகுதி) எண் 4, பை வரிசை 3, கடைசிப் பையா என்ற குறி 1, பதிவு அல்லது காப்பீடு உண்டா என்ற குறி 1, எடை 4. முதல் 20 இடங்கள்தான் டெஸ்பாட்சின் அடையாளம்.

கடைசி நான்கில்தான் அதிகம் சறுக்கும். எடை, கிலோவில் பத்தில் ஒரு பங்கு அலகாக எழுதப்படுகிறது. 12.4 கிலோ என்றால் 0124. யாராவது 1240 என்று அடித்தால் அது 124 கிலோ பை. நாடுகளுக்கிடையே பணம் தீர்ப்பது எண்ணிக்கை, எடை இரண்டையும் வைத்துத்தான். இந்த ஒரு இலக்கம் அறிக்கையை மட்டுமல்ல, பில்லையும் தொடும். ஒரு பைக்கு நியாயமாக வரக்கூடிய உச்ச எடை ஒன்றை மென்பொருளில் வைத்து, அதைத் தாண்டினால் மறுபடி தராசில் வைக்கச் சொல்ல வேண்டும்.

டெஸ்பாட்ச் மூடியதும் ப்ரீடெஸ் என்ற முன்னறிவிப்புச் செய்தி அந்த நாட்டுக்குப் போகிறது: எந்தப் பையில் எந்த ஆர்டிகிள் என்ற விவரத்தோடு. அவர்கள் பையைப் பெற்றதும் ரெஸ்டெஸ் என்ற பதில் செய்தியைத் திருப்பி அனுப்புகிறார்கள். பையில் போட்ட ஆர்டிகிளை ஸ்கேன் செய்யாமல் மூடினால் அது ப்ரீடெஸ்ஸில் இருக்காது. அங்கே பை மட்டும் பொருந்தும். உள்ளே உபரியாக ஒரு ஆர்டிகிள் கிடக்கும். சரியாக நடந்தால் சிஎன் 43 சரிபார்ப்புக் குறிப்பு வரும். அதை ஃபைலில் செருகி வைப்பதைவிட, எந்த ஷிஃப்டில், எந்த நாட்டுப் பையில் என்று எண்ணினால் ஸ்கேன் விடுபடும் இடம் பளிச்சென்று தெரியும்.

ஒரு விஷயத்தைப் பலரும் தவறாகப் படிக்கிறார்கள். ஈஎம்சி என்ற நிகழ்வு "நாட்டை விட்டுப் புறப்பட்டது" என்று டிராக்கிங்கில் தெரியும். உண்மையில் அது டெஸ்பாட்ச் மூடிய நேரம். பை அதற்குப் பிறகு விமான நிலையத்தில் இரண்டு நாள் கிடக்கலாம். ஈஎம்சி முதல் ஈஎம்டி, அதாவது அந்த நாட்டுப் பரிமாற்ற அலுவலகத்துக்கு வந்த நேரம் வரை உள்ள இடைவெளியில் விமானம் மட்டும் இல்லை, காத்திருப்பும் இருக்கிறது. விமான நிறுவனத்துக்கு கார்டிட் என்ற பை விவரச் செய்தி அனுப்பி, அவர்கள் தரும் ரெஸ்டிட் பதிலில் 74 (பெற்றது), 24 (ஏற்றியது), 21 (ஒப்படைத்தது) மூன்றையும் வாங்கினால்தான் அந்த இடைவெளி பிரியும்.

ஏற்காடு, பட்டுவாடா அனுபவம்:

இது உள்ளே வரும் தபால் பக்கம். ஈஎம்டி, பிறகு சுங்கம் பிடித்தால் ஈஎம்ஈ, பரிமாற்ற அலுவலகத்தை விட்டுப் புறப்பட்டால் ஈஎம்எஃப், பட்டுவாடா அலுவலகம் வந்தால் ஈஎம்ஜி, முயன்றும் கொடுக்க முடியாவிட்டால் ஈஎம்எச், கொடுத்தால் ஈஎம்ஐ.

மலையில் எஸ்டேட் பக்கம் சிக்னல் இல்லாத வளைவுகள் உண்டு. மழைக்காலத்தில் மின்சாரமும் போகும். தபால்காரர் காலை 11-க்குக் கொடுத்து மொபைலில் ஸ்கேன் போடுவார். அது சர்வருக்குப் போவது மாலை 5-க்கு, சில நேரம் மறுநாள். ஆக இரண்டு நேரங்கள் இருக்கின்றன: நடந்த நேரம், ஏறிய நேரம். அறிக்கை எடுப்பவர் ஏறிய நேரத்தை எடுத்தால் மலை அலுவலகம் எல்லாமே ஒரு நாள் சோம்பேறியாகத் தெரியும். நடந்த நேரத்தைப் பட்டுவாடாவுக்கு எடுங்கள். இரண்டுக்கும் உள்ள இடைவெளியைத் தனி அளவாக வையுங்கள், ஏனென்றால் அனுப்பிய நாட்டுக்காரர் பார்ப்பது அதைத்தான். மொபைலின் கடிகாரத்தைக் கையால் மாற்ற முடியாதபடி பூட்டுவதும் அவசியம்.

ஈஎம்எச் பற்றி. ஈஎம்எஸ் அளவீட்டில் முதல் முயற்சியும் நேரத்துக்குச் செய்த வேலையாகவே எண்ணப்படுகிறது. அதனால் மாலையில் மீந்ததற்கெல்லாம் "கதவு பூட்டியிருந்தது" போட்டுவிடும் ஆசை எந்த ஊரிலும் வரும். கண்டுபிடிப்பது எளிது: ஒரே பீட்டில் (ஒரு தபால்காரரின் சுற்றில்) இரண்டு நிமிடத்துக்குள் எட்டு, பத்து ஈஎம்எச் விழுந்திருந்தால் அவை வீட்டு வாசலில் போட்டவை அல்ல. ஏற்காட்டில் ஒரு எஸ்டேட்டிலிருந்து அடுத்த எஸ்டேட் போகவே அதைவிட நேரமாகும்.

விடுமுறையும் கவனம். ஆடிப் பண்டிகைக்கு மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விட்டால் பள்ளிகளும் மாநில அலுவலகங்களும் மூடியிருக்கும். தபால் அலுவலகம் மத்திய அரசு என்பதால் திறந்திருக்கும். அன்று பள்ளிக்கூட முகவரிக்கு விழும் ஈஎம்எச் உண்மையானது. நாள்காட்டி அட்டவணையில் மத்திய அரசு விடுமுறையை மட்டும் வைத்துக்கொண்டு அந்த ஈஎம்எச்களைத் தபால்காரர் தலையில் கட்டக் கூடாது.

செவ்வாய்ப்பேட்டை, ஏற்றுமதி பார்சல் எழுத்து வேலை:

தரவு கெடுவது கவுண்டருக்கு முன்பே தொடங்குகிறது. சிஎன் 22, சிஎன் 23 என்ற சுங்க அறிவிப்புப் படிவத்தில் எழுதுவதுதான் ஐடிஎம்ஏடிடி என்ற மின்செய்தியாக முன்கூட்டியே அந்த நாட்டுச் சுங்கத்துக்குப் போகிறது. அமெரிக்கா 2018 சட்டத்தின் மூலம் இதைக் கட்டாயமாக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2021 மார்ச் முதல் ஐசிஎஸ்2 என்ற முன்தகவல் முறையில் கேட்கிறது.

"கிஃப்ட்", "சாம்பிள்", "துணி" என்று எழுதினால் அங்கே நிற்கும். பொருளை அதன் பெயரால் எழுதி ஆறு இலக்க எச்எஸ் குறியோடு (சுங்கம் பொருளை வகைப்படுத்தும் எண்) போடுங்கள். நம்ம ஊர்ச் சரக்குக்கு: வெள்ளிக் கொலுசு 711311, ஜவ்வரிசி 190300, வறுத்த காப்பி (காஃபின் நீக்காதது) 090121, முழு மிளகு 090411, 85 சதவீதமோ அதற்கு மேலோ பட்டு உள்ள நெய்த துணி 500720. கொலுசை எந்த நாடு எந்தச் சேவையில் ஏற்கும் என்று புக் செய்யும் முன் கவுண்டரில் கேட்டுக்கொள்ள வேண்டும். விலையுயர்ந்த பொருளுக்குப் பல நாடுகளில் கட்டுப்பாடு உண்டு.

கவுண்டரில் மென்பொருளே மறுக்க வேண்டிய பிழைகள் சில. உள்ளே உள்ள பொருள்களின் நிகர எடைகளைக் கூட்டினால் மொத்த எடையைத் தாண்டுவது. எண்ணிக்கை 0. மதிப்பு இருக்கிறது, நாணயம் இல்லை. பெறுபவர் அஞ்சல் குறியீட்டில் 636001 என்று அனுப்புபவருடையதே ஏறியிருப்பது. இந்தக் கடைசிப் பிழை மிக அதிகம், ஏனென்றால் முகவரியை நகலெடுத்து ஒட்டும்போது பெட்டி மாறிவிடுகிறது.

அயோத்தியாப்பட்டணம்:

சார், பதிவு இல்லாத சாதாரணக் கடிதத்தில் பார்கோடே இல்லையே. அதை எப்படி அளக்கிறார்கள்?

பரிமாற்ற அலுவலக வேலை, தற்போது சூரமங்கலம்:

சோதனைக் கடிதம் மூலம்தான். உலக அஞ்சல் ஒன்றியத்தின் ஜிஎம்எஸ் என்ற அளவீட்டு முறையில், பேட்டரி இல்லாத ஆர்எஃப்ஐடி சில்லு (ரேடியோ அலையால் படிக்கப்படுவது) உள்ளே வைத்த கடிதங்களைத் தன்னார்வலர்கள் சாதாரணப் பெட்டியில் போடுகிறார்கள். பரிமாற்ற அலுவலக வாசலில் உள்ள ஆண்டெனா சில்லைப் படிக்கிறது. பெறும் தன்னார்வலர் வந்த தேதியைப் பதிகிறார். இதன் சிறப்பு, ஊழியர் எந்தக் கடிதம் என்று அறியாமலேயே அளவு எடுக்கப்படுகிறது. பலவீனம் இரண்டு: பெறுபவர் தினமும் பெட்டியைத் திறக்க வேண்டும், பை ஆண்டெனா வழியாகப் போகாமல் பக்கவாட்டுக் கதவில் நுழைந்தால் வருகை நேரம் இல்லாமல் போகும்.

அம்மாப்பேட்டை, தபால் தரவு வேலை:

எல்லோருக்கும் நன்றி. இவற்றை வைத்து ஒரு மாத அறிக்கையை எப்படிக் கட்டலாம் என்று எழுதுகிறேன்.

ஒரு வாரத்துப் பட்டியலைப் பூட்டி 30 நாள் காத்திருங்கள். அவசரப்பட்டு 10-ஆம் நாளே எடுத்தால் வேகமாகப் போனவை மட்டும் கணக்கில் இருக்கும். போன மாதத்தைவிட இந்த மாதம் எப்போதும் நன்றாகவே தெரியும். பல அலுவலகங்களில் "முன்னேற்றம்" என்று காட்டப்படுவது இதுதான்.

30-ஆம் நாள் ஒவ்வொரு எண்ணையும் ஒரே ஒரு கூடையில் போடுங்கள்: பட்டுவாடா, திரும்பி வந்தது, சுங்கத்தில், வழியில், பேச்சில்லை. "வழியில்" என்றால் கடைசி 10 நாளுக்குள் ஏதாவது ஸ்கேன் இருக்கிறது. "பேச்சில்லை" என்றால் இல்லை. ஐந்தையும் கூட்டினால் புக்கிங் எண் வர வேண்டும். வராவிட்டால் அறிக்கை வெளியே போகக் கூடாது.

நாள் கணக்கில் சராசரி வேண்டாம். பத்து ஆர்டிகிள் 7, 7, 8, 8, 8, 9, 9, 10, 12, 42 நாள் எடுத்தால் சராசரி 12. ஆனால் எட்டு ஆர்டிகிள் அதற்கும் குறைவாகத்தான் எடுத்திருக்கின்றன. நடு மதிப்பு 8.5. "பாதி 8 நாளுக்குள், பத்தில் ஒன்பது 12 நாளுக்குள், ஒன்று 42" என்று எழுதினால் செவ்வாய்ப்பேட்டைக் கடைக்காரரே வாடிக்கையாளரிடம் என்ன சொல்லலாம் என்று முடிவு செய்துகொள்வார்.

மூன்று துண்டாகப் பிரியுங்கள்: புக்கிங் முதல் ஈஎம்சி வரை, ஈஎம்சி முதல் ஈஎம்டி வரை, ஈஎம்டி முதல் பட்டுவாடா வரை. சுங்க நேரத்தைக் கழித்து மறைக்காமல் பக்கத்தில் தனியே காட்டுங்கள். முதல் துண்டு முழுக்க நம் கையில் உள்ளது. அதில் ஒரு நாள் குறைப்பது, மூன்றாவதைப் பற்றி ஆண்டெல்லாம் கடிதம் எழுதுவதைவிடப் பயன் தரும்.

வரைபடத்தில் முன், பின் என்று பிரித்துக் கோடு போட வேண்டிய இடங்களும் உண்டு. 2025-ல் தபால் துறை ஏபிடி என்ற புதிய மென்பொருளுக்கு மாறியது ஒன்று. அமெரிக்காவுக்கான பெரும்பாலான தபாலை 2025 ஆகஸ்ட் 25 முதல் ஏற்காமல் நிறுத்தி, அக்டோபர் 15-ல் மறுபடி தொடங்கியது இன்னொன்று. அந்த மாதங்களில் புக் ஆகித் திரும்பியவற்றைச் சேர்த்து ஆண்டு சதவீதம் போட்டால் யாருக்கும் எதுவும் புரியாது. அமெரிக்காவைத் தனி வரிசையில் வைத்து, இடைவெளியை இடைவெளியாகவே விடுங்கள்.

"பேச்சில்லை" கூடையில் விழுந்த பதிவுத் தபால், பார்சல் எண்களுக்கு யாராவது புகார் தரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சிஎன் 08 விசாரணைக்குப் புக்கிங் மறுநாளிலிருந்து ஆறு மாதம்தான் அவகாசம். 30-ஆம் நாள் பட்டியலை அனுப்பியவர்களுக்கே தொலைபேசியில் சொல்லி, பொருள் கிடைத்ததா என்று கேளுங்கள். கிடைத்தது என்றால் அந்த நாட்டில் ஸ்கேன் விடுபடுகிறது என்று குறியுங்கள். கிடைக்கவில்லை என்றால் அன்றே சிஎன் 08 போடுங்கள். பதில் வந்ததும் பழைய வாரத்தின் கூடையைத் திருத்தி, திருத்திய தேதியோடு மறுபடி வெளியிடுங்கள்.