போன் வீடியோவை மாற்றாமலே வெட்டலாமாம்: 30ஆ, 29.97ஆ?

கத்தரிக்கோல்:
பக்கத்து இழையில் மூன்றாம்டேக் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அவர் சொன்னது இதுதான்: "போனில் எடுத்த வீடியோவை மாற்ற வேண்டியதே இல்லை. வேரியபிள் ஃப்ரேம் ரேட்டை, அதாவது வினாடிக்கு இத்தனை ஃப்ரேம் என்பது சீராக இல்லாமல் ஏறி இறங்குவதை எல்லாம், எடிட்டிங் மென்பொருளே பார்த்துக்கொள்ளும். மாற்றியே தீருவேன் என்றால் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் வினாடிக்கு 30 ஃப்ரேம் என்று போட்டுவிட்டுப் போங்கள். 29.97 பழைய டிவி காலத்துச் சமாச்சாரம்."

இதை நம்பி வேலை செய்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். போன மாதம் ஒரு மணி நாற்பது நிமிடப் பேட்டி ஒன்று கைக்கு வந்தது. முழுக்கப் போனில் எடுத்தது. தொடக்கத்தில் உதடும் குரலும் ஒட்டியே இருக்கின்றன. நாற்பதாவது நிமிடத்தில் அவர் 'அப்பா' என்கிறார். உதடு மூடித் திறந்த பிறகுதான் 'ப்பா' கேட்கிறது. கடைசிப் பகுதியில் அவர் சிரித்து முடித்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார், சிரிப்பு அப்போதுதான் வருகிறது. வெளிச்சம் குறைந்தால் போன் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளும், சூடானால் தடுமாறும். ஒலி மட்டும் வினாடிக்கு 48,000 சாம்பிள் என்று ஒரே சீராக ஓடும். ஃப்ரேமை எண்ணி நேரம் பார்க்கிற மென்பொருளில் இரண்டும் எப்படி ஒட்டும்?

முதலில் மாற்று, பிறகு வெட்டு. கிளிப்புகளை அடுக்கி வெட்டுகிற டைம்லைன் 29.97 என்றால் 29.97தான். 30 இல்லை.

மூன்றாம்டேக்:
நான் எழுதியதை இங்கே கொண்டுவந்து பஞ்சாயத்து வைக்கிறீர்கள், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சரி, பதில் சொல்கிறேன்.

ஹேண்ட்பிரேக்கும் அதே வேலையைச் செய்கிற எஃப்எஃப்எம்பெக்கும் ஃப்ரேமை எண்ணி அடுக்குவதில்லை. ஒவ்வொரு ஃப்ரேமும் எந்த நேரத்தில் வர வேண்டும் என்று கோப்பில் குறித்திருக்கிறது, அதைப் பார்த்து அடுக்குகின்றன. இடைவெளி விழுந்தால் முந்தைய ஃப்ரேமை இன்னொரு முறை போடும். நெருக்கியடித்து வந்தால் ஒன்றைத் தள்ளிவிடும். நீளம் மாறாது. 30 போட்டாலும் 29.97 போட்டாலும் 25 போட்டாலும் சிங்க், அதாவது படமும் ஒலியும் ஒட்டி ஓடுவது, போகாது. உங்கள் பேட்டி கெட்டதற்குக் காரணம் மாற்றாமல் போட்டது. 30 என்ற எண் என்ன பாவம் செய்தது?

கத்தரிக்கோல்:
மாற்றாமல் போடலாம் என்று சொன்னவரே இப்போது "மாற்றாமல் போட்டதுதான் காரணம்" என்கிறார். எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

30க்கு வருவோம். 29.97 என்பது 30,000ஐ 1,001ஆல் வகுத்தால் வருவது. ஒரு மணி நேரத்துக்கு 30இல் 1,08,000 ஃப்ரேம், 29.97இல் 1,07,892. வித்தியாசம் 108 ஃப்ரேம், 3.6 வினாடி. 30 கோப்பை 29.97 என்றே எடுத்துக்கொள் என்று யாராவது மென்பொருளில் இன்டர்ப்ரெட் செய்துவிட்டால் மணிக்கு 3.6 வினாடி படம் பின்தங்கும். இது சின்ன விஷயமா?

மூன்றாம்டேக்:
"யாராவது செய்துவிட்டால்." யார் செய்யச் சொன்னார்கள்? 30 கிளிப்பை 29.97 டைம்லைனில் சும்மா போட்டால் ஏறக்குறைய 33 வினாடிக்கு ஒரு ஃப்ரேம் விழும். அவ்வளவுதான். ஒலி அசையாது.

கத்தரிக்கோல்:
அந்த ஒரு ஃப்ரேம்தான் ஐயா என் பிரச்சினை! கேமரா இடமிருந்து வலமாக நிதானமாகத் திரும்புகிற காட்சியில், 33 வினாடிக்கு ஒரு தடவை படம் லேசாக உதறும். ஒரு தடவை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் அந்தக் காட்சியில் வேறு எதுவும் தெரியாது. வாடிக்கையாளர் "இங்கே என்னமோ இடிக்கிறதே" என்பார், என்ன இடிக்கிறது என்று அவருக்குச் சொல்லத் தெரியாது. ராத்திரி முழுக்கத் தேடுவது நான். 29.97 டைம்லைனுக்கு 29.97. இதில் என்ன கஷ்டம் தம்பி உங்களுக்கு?

மூன்றாம்டேக்:
தம்பி என்று கூப்பிட வேண்டாம். உங்கள் வயதும் எனக்குத் தெரியாது, என் வயதும் உங்களுக்குத் தெரியாது.

போன் வீடியோவில் ஏற்கெனவே ஃப்ரேம்கள் 31, 34, 40 மில்லிவினாடி என்று தாறுமாறாகக் கிடக்கின்றன. 29.97க்கு மாற்றினாலும் இரட்டிப்பதும் தள்ளுவதும் நடக்கத்தான் செய்யும். அந்த நூறு உதறலைப் பார்க்காத கண், 33 வினாடிக்கு ஒன்றை மட்டும் எப்படிப் பார்த்தது?

காதுகொடு:
இரண்டு பேரும் எண்ணையே பிடித்துத் தொங்குகிறீர்கள். ஹேண்ட்பிரேக்கில் '30' என்று போட்டால் மட்டும் வேலை முடிந்துவிடாது. பக்கத்திலேயே பீக் (உச்ச வரம்பு), கான்ஸ்டன்ட் (மாறாத சீரான வீதம்) என்று இருக்கிறது. 1080பி30 என்ற தயார் அமைப்பை, ப்ரீசெட்டை, எடுத்தால் பீக்கில்தான் நிற்கும். பீக் என்றால் 30ஐத் தாண்டாது, அவ்வளவே. கீழே இறங்கத் தடையில்லை, வெளியே வருவதும் வேரியபிள்தான். அதைக் கான்ஸ்டன்டுக்கு மாற்றாமல் "மாற்றியும் சிங்க் போகிறதே" என்று என்னிடம் ஒலி சரிசெய்ய எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் தெரியுமா?

கத்தரிக்கோல்:
காதுகொடு சொல்வது சரி. ஆனால் அது வேறு விஷயம். கான்ஸ்டன்ட் போட்ட பிறகு 30ஆ, 29.97ஆ? அதைச் சொல்லச் சொல்லுங்கள்.

புதுப்படம்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என்னிடம் இருப்பது ஸ்கிரீன் ரெக்கார்டிங், எம்கேவி கோப்பு. எஃப்எஃப்எம்பெக்கில் காப்பி கொடுத்து எம்பி4 ஆக்கினேன், இரண்டே வினாடியில் முடிந்தது. கோப்பின் விவரம் காட்டும் மீடியாஇன்ஃபோ இன்னும் வேரியபிள் என்றுதான் காட்டுகிறது. எங்கே தவறு?

மூன்றாம்டேக்:
காப்பி என்றால் உறையை மட்டும் மாற்றுவது. உள்ளே இருக்கிற ஃப்ரேமும் நேரமும் அப்படியே இருக்கும். இன்னொன்று: எம்கேவி வழக்கமாக நேரத்தை முழு மில்லிவினாடியில்தான் எழுதும். 30இல் ஒரு ஃப்ரேம் 33.33 மில்லிவினாடி. அதை 33, 33, 34 என்று எழுதிவைக்கும். அதனால் சீரான வீடியோவே சில கருவிகளுக்கு வேரியபிளாகத் தெரியும். உங்கள் கோப்பு உண்மையிலேயே வேரியபிள்தானா என்று முதலில் பாருங்கள். மீடியாஇன்ஃபோவில் குறைந்தபட்சமும் அதிகபட்சமும் எவ்வளவு?

புதுப்படம்:
வினாடிக்குக் குறைந்தபட்சம் 8.3 ஃப்ரேம், அதிகபட்சம் 62.5.

மூன்றாம்டேக்:
அப்படியானால் உண்மையான வேரியபிள். கான்ஸ்டன்டில் மாற்றுங்கள். 30 போடுங்கள்.

கத்தரிக்கோல்:
புதுப்படம், அவசரப்படாதீர்கள். உங்கள் டைம்லைன் என்ன என்று ஒரு வார்த்தையாவது கேட்டாரா? கேட்கவில்லை. 30 போடு, அவ்வளவுதான். எல்லா நோய்க்கும் ஒரே மாத்திரை. ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில், டைம்லைனில் கிளிப்பைப் போட்ட பிறகு புராஜெக்டின் ஃப்ரேம் ரேட்டை மாற்ற விடாது. எண்ணை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும் என்று நான் கத்துவது அதனால்தான். பழைய டிவி சமாச்சாரம் என்கிறாரே, 1953இல் அமெரிக்காவில் கலர் டிவிக்காக 30இலிருந்து துளி குறைத்த அந்த 29.97, இன்றைக்கும் பல கேமராக்களின் மெனுவில் 30 என்ற பெயரில் உட்கார்ந்திருக்கிறது. போனில் எடுத்ததும் கேமராவில் எடுத்ததும் ஒரே டைம்லைனில் வந்தால் எது எதற்கு இறங்கி வர வேண்டும்?

சொல்வளம்:
இத்தனை பேர் தமிழில் எழுதுகிறீர்கள், மகிழ்ச்சி. ஆனால் 'ஃப்ரேம்' எதற்கு? 'சட்டகம்' என்ற நல்ல சொல் இருக்கிறதே. மாறும் சட்டக வீதம் என்றால் பொருளும் உடனே விளங்கும்.

காதுகொடு:
உடனே யாருக்கு விளங்கும்? சிங்க் போய் அர்த்தராத்திரியில் தேடுகிறவர் 'மாறும் சட்டக வீதம்' என்றா தேடுவார்?

சொல்வளம்:
தேடாததற்குக் காரணம் நாம் எழுதாதது. கணினி என்ற சொல்லும் ஒரு காலத்தில் புதிதுதான்.

கத்தரிக்கோல்:
சட்டகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வினாடிக்கு 29.97 சட்டகம். 30 சட்டகம் இல்லை.

மூன்றாம்டேக்:
ஹேண்ட்பிரேக் என்றாலே மட்டமாகப் பேசுகிறீர்கள், அதையும் கேட்கிறேன். போன முறை ஒருவருக்கு ப்ரோரெஸ் 422 என்ற கனமான எடிட்டிங் வடிவத்துக்கு மாற்றச் சொன்னீர்கள். 1080இல் 29.97க்கு அது வினாடிக்கு 147 மெகாபிட், மணிக்கு 66 ஜிபி. அந்த ஆள் மடிக்கணினியில் இடமில்லாமல் அசல் கோப்புகளை அழித்துவிட்டுப் புலம்பினார். நன்றாகச் சுருக்கும் எச்264 வடிவத்தில் ஆர்எஃப் என்ற தர அளவை 16 வைத்திருந்தால் அந்த நிலைமை வந்திருக்காது.

கத்தரிக்கோல்:
அசலை அழிக்க நான் சொல்லவில்லை. அந்த இழையை யார் வேண்டுமானாலும் போய்ப் படிக்கலாம். "அசலை ஒருபோதும் தொடாதே" என்று இரண்டு தடவை எழுதியிருக்கிறேன். எச்264இல் பல ஃப்ரேம்கள் அக்கம்பக்கத்து ஃப்ரேமை நம்பி நிற்பவை, வெட்டும்போது மென்பொருள் ஒவ்வொரு தடவையும் முன்னும் பின்னும் ஓட வேண்டும். ப்ரோரெஸில் ஒவ்வொரு ஃப்ரேமும் தன் காலில் நிற்கும். இடம் போகிறது என்பதற்காக என் மேல் பழி போடாதீர்கள். 30 சரியென்று நிரூபிக்க முடியவில்லை, அதனால் பழைய கதையைத் தோண்டுகிறீர்கள்.

மூன்றாம்டேக்:
நிரூபித்து அரை மணி நேரம் ஆகிறது. நீளம் மாறாது என்றேன், அதற்கு இதுவரை உங்களிடமிருந்து பதில் இல்லை.

கத்தரிக்கோல்:
உதறல் என்றேன், அதற்கு உங்களிடமிருந்து பதில் இல்லை.

புதுப்படம்:
மாற்றிவிட்டேன். கான்ஸ்டன்ட், 30. முதல் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தேன், மௌஸ் கிளிக்கும் சத்தமும் சரியாக ஒட்டுகின்றன. இருவருக்கும் நன்றி.

மூன்றாம்டேக்:
பார்த்துக்கொள்ளுங்கள்.

கத்தரிக்கோல்:
பத்து நிமிடத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. கடைசிப் பத்து நிமிடத்தை ஓட்டுங்கள். அப்படியே டைம்லைன் அமைப்பைத் திறந்து அங்கே என்ன எண் இருக்கிறது என்று எழுதுங்கள்.

புதுப்படம்:
29.97 என்று இருக்கிறது.

கத்தரிக்கோல்:
மறுபடியும் மாற்றுங்கள்.

மூன்றாம்டேக்:
வேண்டாம். அப்படியே விடுங்கள்.