கேரவன் வேனில் ஊட்டி: ராத்திரி எங்கே நிறுத்துவது?

ஈரோட்டிலிருந்து: டெம்போ டிராவலரில் படுக்கை, அடுப்பு எல்லாம் போட்டாச்சு. ஜனவரியில் அம்மாவோடு வருகிறோம். ரோட்டோரம் நிறுத்தித் தூங்கலாமா?

கோத்தகிரியிலிருந்து: வேண்டாம் சார். காட்டெருமை கதவை ஒட்டி வந்து நிற்கும், அம்மா எப்படி இறங்குவார்கள்? காம்பவுண்டு உள்ள ஹோம்ஸ்டேயில் பேசி உள்ளே போடுங்கள். கழிப்பறை, தண்ணீர், பிளக் பாயின்ட் உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். ஊட்டியை ஒட்டிய தலைகுந்தா பக்கம் உறைபனி விழும். விடிந்ததும் கண்ணாடியில் வெந்நீர் ஊற்றிவிடாதீர்கள், விரிசல் விடும். வண்டிக்குள் கரி மூட்டிக் குளிர் காய்வது மட்டும் கூடவே கூடாது, மூச்சடைத்து உயிரே போய்விடும்.

கூடலூரிலிருந்து: நீலகிரிக்குள் வண்டி வர ஆன்லைன் அனுமதி, அதாவது இ-பாஸ் எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை, செக்போஸ்ட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

ஈரோட்டிலிருந்து: சரி. அப்புறம், ஊட்டியிலிருந்து கல்லட்டி மலைப்பாதை வழியாக மசினகுடி இறங்கலாமா?

கூடலூரிலிருந்து: வெளியூர் வண்டியை இறங்க விடமாட்டார்கள், 36 கொண்டை ஊசி வளைவு. கூடலூர் சுற்றி வாங்க. அங்கிருந்து மைசூர் பக்கம் போவதானால், பந்திப்பூர் காட்டு ரோடு ராத்திரி 9 முதல் காலை 6 வரை மூடல்.