நெஞ்செரிச்சலே இல்லாமல் அமிலம் தொண்டைக்கு ஏறுமா? காலையில் குரல் கட்டிக்கொள்கிறது

கும்பகோணம் பாட்டு டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். வயது 46, வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன். விடியற்காலை ஐந்தரைக்கு அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஆன்லைன் வகுப்பு. சாயங்காலம் உள்ளூர்ப் பிள்ளைகள். கடைசிப் பிள்ளை கிளம்பும்போது இரவு ஒன்பது தாண்டிவிடும். அதற்கப்புறம்தான் சாப்பாடு, உடனே படுக்கை.

தை மாதத்திலிருந்து காலையில் குரல் எழும்புவதே இல்லை. மேல் ஷட்ஜத்தைத் தொட்டால் வெறும் காற்றுதான் வருகிறது. பத்து மணிக்கு மேல் தானாகத் தெளிகிறது. தொண்டையில் சோற்றுப் பருக்கை ஒட்டிக்கொண்ட மாதிரி ஓர் உணர்வு, எச்சில் விழுங்கினாலும் போகாது. ஆனால் சாப்பிடும்போது மட்டும் அது தெரிவதில்லை. நாள் முழுக்கச் செருமல். சளி என்று மருந்து, அலர்ஜி என்று மாத்திரை, எதற்கும் அசையவில்லை.

ஈ.என்.டி. டாக்டர் மூக்கு வழியாகக் கேமரா விட்டுப் பார்த்தார். குரல்நாணில் கட்டி எதுவும் இல்லை, குரல்வளையின் பின்பக்கம் சிவந்து தடித்திருக்கிறது, எதுக்களிப்பாக (வயிற்று அமிலம் மேலே ஏறுவது) இருக்கலாம் என்று, அமிலத்தைக் குறைக்கும் பேண்டோப்ரசோல் மாத்திரை எழுதியிருக்கிறார். எனக்கு நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம் எதுவுமே கிடையாது. அப்படியிருக்க இது எப்படி? நான் பாடுவதை நிறுத்த வேண்டுமா? இது என் பிழைப்பு மட்டுமில்லை, எட்டு வயதிலிருந்து எனக்குத் தெரிந்த ஒரே விஷயம்.

நெல்லை ஓதுவார்:
அம்மா, நீங்கள் எழுதியது அப்படியே என் கதை. அர்த்தஜாமம் முடிந்து வீட்டுக்கு வந்து, புளியோதரையோ குழம்புச் சோறோ சாப்பிட்டுவிட்டு நேரே பாயில் சாய்வேன். காலையில் பதிகம் எடுத்தால் முதல் அடியிலேயே பிசிறு தட்டும். எனக்கு உதவியது இரண்டு விஷயம். இரவுச் சாப்பாட்டை அர்த்தஜாமத்துக்கு முன்னாலேயே, ஏழு மணிக்குள் முடித்தேன். கட்டில் வாங்கி, தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் அடியில் செங்கல்லை இரண்டு இரண்டாக அடுக்கினேன். தலையணையை உயரமாக அடுக்கிப் பார்த்தபோது கழுத்து வலித்ததுதான் மிச்சம். வயிறு மடங்குவதால் அது இன்னும் மோசம் என்று டாக்டரும் சொன்னார். ஆனி மாதம் தொடங்கியது, புரட்டாசியில்தான் குரல் நம்பும்படி ஆனது. பொறுமை வேண்டும்.

குரல் சிகிச்சையாளர்:
டீச்சர், நெஞ்செரிச்சல் இல்லாமலே இது வரும். நிறையப் பேருக்கு அப்படித்தான் வருகிறது. உணவுக்குழாய் அமிலத்துக்கு ஓரளவு பழகிய இடம். ஏறி வருவதைத் திரும்பக் கீழே தள்ளிவிடும், விழுங்கும் எச்சிலும் கழுவிவிடும். குரல்வளைக்கு அந்தப் பாதுகாப்பு குறைவு. நெஞ்சில் எரிச்சலே தெரியாத அளவுக்குக் கொஞ்சமாக ஏறினாலும் அங்கே புண்படும். அமிலம் மட்டுமல்ல, கூடவே பெப்சின் என்ற செரிமான நொதியும் ஏறுகிறது. அது தொண்டைச் சவ்வில் தங்கிவிட்டால், பிறகு புளிப்பாக எதையாவது குடிக்கும்போது மறுபடி வேலை செய்ய ஆரம்பிக்கும் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். குரலுக்கு நல்லது என்று காலையில் எலுமிச்சை பிழிந்த வெந்நீர் குடிப்பவராக இருந்தால், கொஞ்ச காலம் வெறும் வெதுவெதுப்பான தண்ணீர் போதும்.

மாத்திரையைப் பற்றி ஒன்று. 2021-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், தொண்டைத் தொந்தரவு உள்ள 346 பேரில் ஒரு பாதிக்கு உங்கள் மாத்திரை வகையைச் சேர்ந்த லான்சோப்ரசோலும் மறுபாதிக்கு மருந்தில்லாத மாத்திரையும் 16 வாரம் கொடுத்தார்கள். இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் குணம். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், சிலருக்குக் கேட்கிறது. ஆனால் மாத்திரையை மட்டும் நம்பி ஒன்பதரை மணிச் சாப்பாட்டைத் தொடர்ந்தால் பலன் இருக்காது. போட்டால் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போடுங்கள். தொண்டை சிவந்திருப்பது வேறு காரணங்களாலும் வரும். மருந்துக்கும் கேட்காவிட்டால், மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு, அமிலம் ஏறுவதை 24 மணி நேரம் அளக்கும் பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

பாடலாம், நிறுத்த வேண்டாம். செருமலைத்தான் நிறுத்த வேண்டும். ஒவ்வொரு செருமலிலும் குரல்நாண்கள் ஒன்றோடொன்று மோதி வீங்குகின்றன, வீங்கியதும் மறுபடி செருமத் தோன்றும். அந்த உணர்வு வரும்போது ஒரு மடக்கு தண்ணீர், இல்லையென்றால் எச்சிலை அழுத்தி விழுங்குங்கள்.

கும்பகோணம் பாட்டு டீச்சர்:
ரொம்ப நன்றி. எலுமிச்சையும் தேனும்தான் வருஷக்கணக்காக என் காலை மருந்து! சாயங்கால வகுப்புக்கு நடுவே ஏழு மணிக்கு இட்லி சாப்பிட்டுவிடலாம், ஆனால் உடனே உட்கார்ந்து பாட வேண்டியிருக்குமே, பரவாயில்லையா?

குரல் சிகிச்சையாளர்:
வயிறு நிறைந்திருக்கும்போது அடிவயிற்றிலிருந்து அழுத்திப் பாடினால் மேலே தள்ளும். அந்த ஒரு மணி நேரத்தைச் சின்னப் பிள்ளைகளுக்கு ஒதுக்குங்கள். அவர்கள் சரளி வரிசை பாடட்டும், நீங்கள் தாளம் போட்டுத் திருத்துங்கள். இட்லியோடு புளிக்குழம்பு வேண்டாம், காரமில்லாத சாம்பார் போதும். படுக்கும்போது இடது பக்கம் ஒருக்களித்துப் படுங்கள். அப்புறம், இதை இந்தத் திரியைப் படிக்கிற எல்லாருக்கும் சேர்த்தே சொல்கிறேன்: விழுங்கச் சிரமம், எடை குறைவது, சளியில் ரத்தம், கழுத்தில் கட்டி, ஒரு பக்கக் காதுவலி இவற்றில் எது இருந்தாலும், கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தாலும், எதுக்களிப்பு என்று நீங்களே முடிவு செய்யாமல் கேமரா வைத்துப் பார்த்துவிடுங்கள். புகையிலைப் பழக்கம் உள்ளவர்கள் ஒருநாளும் தள்ளிப்போடக் கூடாது.