பரோல் அதிகாரிகளுக்கு எந்தச் சங்கம்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மலைச்சாரல்:
கனடாவில் மத்திய அரசின் பரோல் அதிகாரிகள் நாம் எல்லாரும் PSAC என்ற பெரிய அரசு ஊழியர் சங்கத்தில் இருக்கிறோம், நேராக விஷயத்துக்கு வருகிறேன். எனக்குச் சிறைக்குள்ளேயே அலுவலகம். இடைவேளையில் ஒரு சிறைக் காவலர் தங்கள் சங்கம் அரசோடு போட்ட ஒப்பந்தப் புத்தகத்தை மேசையில் என் பக்கம் தள்ளிவிட்டார். "எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் எங்கள் வேலைதான். உன் புத்தகத்தில் உன் வேலை எங்கே இருக்கிறது, காட்டு பார்க்கலாம்" என்றார். 2001-லேயே நம் சங்கத்திலிருந்து பிரிந்து தனிச் சங்கம் கண்டவர்கள் அல்லவா, பேசத்தான் செய்வார்கள். அவர் போன பிறகும் புத்தகம் அங்கேயே கிடந்தது. எனக்கு வாயில் பதில் வரவில்லை. நாமும் பிரிந்தால் என்ன?

செவ்வந்தி:
காவலர்களோடு ஒப்பிடாதீர்கள். அவர்கள் தனிப் பணிப்பிரிவு, கூண்டோடு வெளியேற முடிந்தது. நாமோ நிர்வாகப் பணியாளர், எழுத்தர் எல்லாரும் இருக்கிற பெரிய பிரிவில் ஒரு ஓரம். ஓரத்தை மட்டும் வெட்டி எடுக்கத் தொழிலுறவு வாரியம் சம்மதிக்க வேண்டும். அது லேசில் நடக்காது.

பெரிய சங்கத்தின் பலத்தை 2023 ஏப்ரலில் கண்ணால் பார்த்தேன். 1,55,000 பேர் வேலைநிறுத்தம். நான் அத்தியாவசியப் பட்டியலில் இருந்ததால் உள்ளே போயே ஆக வேண்டும். வாசலில் அட்டை பிடித்து நின்ற எழுத்தர் அக்கா, தினமும் என் கேஸ் கோப்புகளை எடுத்துத் தருகிறவர், "நீ போம்மா, உனக்கும் சேர்த்து நான் நிற்கிறேன்" என்றார். அவரை விட்டுவிட்டு எங்கே பிரிவது?

பழைய கோப்பு:
என் கதை சின்னது. என் பொறுப்பில் இருந்தவர் வெளியே போய்க் குற்றம் செய்துவிட்டார். விசாரணை அறையில் மேலாளர் கேள்வியை முடிக்குமுன் சங்கப் பிரதிநிதி பேனாவை மூடி வைத்து, "கேஸ் சுமை எவ்வளவு என்பதையும் முதலில் எழுதிக்கொள்ளுங்கள்" என்றார். அந்த 'டக்' சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். சம்பளத்தில் சங்கச் சந்தா பிடிப்பதால் உறுப்பினர் ஆகிவிட்டதாக நினைக்காதீர்கள். ஃபோர்ட் கார் தொழிற்சாலை வேலைநிறுத்தத்துக்குப் பின் 1946-இல் நீதிபதி ராண்ட் சொன்ன வழிதான் இன்றும்: சேர்ந்தாலும் சேராவிட்டாலும் சந்தா உண்டு. உறுப்பினர் அட்டையில் கையெழுத்துப் போடுங்கள். அப்புறம், இடைநீக்கம், பணிநீக்கம் என்றால் குறைதீர்ப்பு மனுவைத் தனியாகவே நடுவர் வரை கொண்டுபோகலாம். ஒப்பந்தப் பிரிவுக்கு என்ன பொருள் என்ற வழக்காக இருந்தால் சங்கத்தின் ஒப்புதல் இல்லாமல் மனுவே போட முடியாது. ஆகவே எந்தச் சங்கம் வந்து கூப்பிட்டாலும், விசாரணையில் என் பக்கத்தில் உட்காரப்போவது யார், அவருக்குப் பரோல் வேலை தெரியுமா என்று முதலில் கேளுங்கள்.

செவ்வந்தி:
அண்ணா, அது பிரதிநிதியின் கெட்டிக்காரத்தனம். சங்கத்தின் பெயருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

மலைச்சாரல்:
சரி, அட்டையில் நான் கையெழுத்துப் போட்டேனா என்பதே நினைவில்லை. நாளை கேட்டுப் பார்க்கிறேன். ஆனால் அந்தக் காவலருக்கு என்ன பதில் சொல்வது என்று இன்னும் யாரும் சொல்லவில்லையே!