அமெரிக்கத் தென்மாநிலச் சிற்றூர்களில் கோர்ட் வாசல் சிப்பாய் சிலைகள்: எதைப் பார்த்து எடைபோடுவது?

தடம்தேடி:
ஜார்ஜியா, அலபாமா, மிசிசிப்பி என்று எந்தச் சிற்றூரானாலும் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) கோர்ட் வாசலில் ஒரே அச்சில் வார்த்தது மாதிரி ஒரு சிப்பாய் நிற்கிறான். துப்பாக்கிக் கட்டை தரையில், இரண்டு கையும் குழல் நுனியில். அடிமை முறையைக் காக்கப் பிரிந்த தென்மாநிலங்கள் வடக்கோடு மோதிய உள்நாட்டுப் போரில் (1861–65) தெற்குப் பக்கம் இறந்தவர்களுக்கான நடுகல் என்று எடுத்துக்கொள்ளலாமா? அப்படியென்றால் இடுகாட்டில் அல்லவா இருக்க வேண்டும்?

பீடத்தடி:
ஆண்டையும் இடத்தையும் சேர்த்துப் பாருங்கள். போர் முடிந்த கையோடு வந்தவை பெரும்பாலும் இடுகாட்டில்தான் இருக்கின்றன: தூபி, துணி போர்த்திய கலசம், அவ்வளவுதான். சிதறிக் கிடந்த உடல்களை எடுத்துப் புதைத்த பெண்கள் சங்கங்களின் வேலை அது. தென் கரோலினாவின் செராவில் 1867-லேயே ஒன்று வைத்துவிட்டார்கள். இவற்றை நடுகல் என்றால் தகும்.

கோர்ட் வாசல் சிப்பாய் பெரும்பாலும் 1900-ஐ ஒட்டியும் அதற்குப் பின்னும் வந்தவன். வைத்தது பல ஊர்களில் யுனைடெட் டாட்டர்ஸ் ஆஃப் தி கான்ஃபெடரசி என்ற, தெற்குச் சிப்பாய்களின் வழிவந்த பெண்கள் அமைப்பின் (தொடக்கம் 1894, நாஷ்வில்) உள்ளூர்க் கிளை. போரில் பிழைத்தவர்கள் முதுமையில் இறந்துகொண்டிருந்தார்கள், ஐம்பதாம் ஆண்டும் நெருங்கியது. இந்தக் காரணம் பொய்யல்ல. ஆனால் கறுப்பர்களின் வாக்கைப் பறித்த அரசியல் சட்டங்களும் அதே காலம்தான்: மிசிசிப்பி 1890, தென் கரோலினா 1895, லூசியானா 1898, அலபாமா 1901, வர்ஜீனியா 1902. வரி, வழக்கு, பத்திரம் என்று எல்லோரும் வந்தே தீர வேண்டிய கட்டடத்தின் வாசலில் அவனை நிறுத்தியதற்கு இறந்தவர் நினைவு மட்டும் காரணமாக இருக்க முடியாது. அலபாமாவின் டஸ்கீகியில் ஊர் நடுச் சதுக்கத்தை 1906-இல் கவுண்டி அந்த அமைப்புக்குக் கொடுத்தபோது, வெள்ளையருக்கான பூங்கா என்றே எழுதிக் கொடுத்தது.

உளிச்சத்தம்:
ஒரே அச்சு என்றது சரிதான், பல சிலைகள் விலைப்பட்டியல் பார்த்து வாங்கியவை. கனெக்டிகட்டின் பிரிட்ஜ்போர்ட்டில் இருந்த மானுமென்டல் பிரான்ஸ் கம்பெனி வடக்குக்கும் தெற்குக்கும் சிப்பாய் விற்றது. இடுப்புவார்க் கொக்கியில் 'யு.எஸ்.' என்றிருந்தால் வடக்கு, 'சி.எஸ்.' என்றால் தெற்கு. 'வெள்ளை வெண்கலம்' என்று விற்றாலும் உண்மையில் அது துத்தநாகம். நீலம் கலந்த சாம்பல் நிறம், தட்டினால் பொள்ளல் சத்தம், நூறாண்டு கழித்தும் எழுத்து மழுங்காது. ஆனால் தன் எடையிலேயே மெல்லத் தொய்யும்; பீடத்தின் அடி உப்பும், மூட்டு விரியும். முட்டுக்கொடுக்க உள்ளே கான்கிரீட் கொட்டினால் ஈரம் தங்கி இன்னும் வேகமாகப் பிளக்கும்.

ஜார்ஜியாவின் எல்பர்ட்டனில் 1898-இல் வைத்த கிரானைட் சிலை குட்டையாக, வடக்கத்திச் சிப்பாய் சாயலில் அமைந்துவிட்டது. 'டச்சி' என்று கேலி செய்த ஊர்க்காரர்களே 1900-இல் இழுத்துத் தள்ளிப் புதைத்தார்கள்; 1982-இல் தோண்டியெடுத்தார்கள். இப்போது அங்குள்ள கிரானைட் அருங்காட்சியகத்தில் படுத்திருக்கிறான்.

தடம்தேடி:
எல்லாச் சிலையும் எதிரியைப் பார்த்து வடக்கு நோக்கி நிற்கும் என்கிறார்களே?

பீடத்தடி:
அப்படி விதியில்லை. கோர்ட்டின் தலைவாசலும் பெரிய தெருவும் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான். வர்ஜீனியாவின் அலெக்ஸாண்ட்ரியாவில் 1889-இல் வைத்த சிலை (2020-இல் அகற்றினார்கள்) தெற்குப் பார்த்தே நின்றது.

பழந்தாள்:
கல்லில் 'மறவோம்' என்ற அளவில் நின்றிருக்கும், முழு மனசு திறப்புவிழாப் பேச்சில் இருக்கும். ஜார்ஜியாவில் ஏப்ரல் 26, கரோலினாக்களில் மே 10 தெற்குச் சிப்பாய்களின் நினைவு நாள். விழாவும் பல இடங்களில் அன்றைக்கே. அந்த வார உள்ளூர்ச் செய்தித்தாளில் பேச்சு முழுதாகவே கிடைக்கலாம். இடம் கொடுத்த தீர்மானத்துக்குக் கவுண்டி நிர்வாகக் குழுவின் குறிப்பேடு. வட கரோலினாவின் சேப்பல் ஹில்லில் 1913-இல் சிலை திறந்தபோது தொழிலதிபர் ஜூலியன் கார், அதே ஊரில் ஒரு கறுப்பினப் பெண்ணைத் தான் சவுக்கால் அடித்ததை மேடையிலேயே பெருமையாகச் சொன்னார். லூசியானாவின் கோல்ஃபாக்ஸில் பேச்சைத் தேடவே வேண்டாம்: கறுப்பர்களை வெள்ளையர் கொன்று குவித்த 1873 படுகொலையில் செத்த மூன்று வெள்ளையருக்கு 1921-இல் வைத்த தூபியிலேயே 'வெள்ளையர் மேலாண்மைக்காகப் போரிட்டு' என்று வெட்டியிருக்கிறது. இத்தனைக்கும் அது இருப்பது இடுகாட்டில். ஆக, இடத்தை மட்டும் நம்பினால் ஏமாறலாம்.

உளிச்சத்தம்:
பக்கத்திலேயே முதல் உலகப் போர்ப் பலகை இருந்தால் அடிவரி வரை படியுங்கள். பல ஊர்களில் கறுப்பினச் சிப்பாய்கள் பெயர் தனித் தலைப்பில், கீழே. தென் கரோலினாவின் கிரீன்வுட்டில் அந்தப் பிரிவினையை நீக்கிப் புதுப் பலகை வைக்கப் போனபோது, நினைவுச் சின்னங்களை ஊர் தானாக மாற்ற விடாத 2000-ஆம் ஆண்டு மரபுப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நின்றது. அலபாமாவில் 2017 சட்டப்படி 40 ஆண்டு தாண்டிய சின்னத்தை அகற்றினால் 25,000 டாலர் அபராதம். அதனால் சில ஊர்கள் பழையதைத் தொடாமல் பக்கத்தில் புதியதை வைக்கின்றன. டென்னசியின் ஃபிராங்க்ளினில் 1899 சிலை நிற்கும் அதே சதுக்கத்தில் 2019-இல் அடிமைச் சந்தை பற்றிய பலகையும், 2021-இல் யூனியன் (வடக்கு) படையின் கறுப்பினச் சிப்பாய் சிலையும் வந்தன.