பல்சரையும் ஸ்ப்ளெண்டரையும் வீட்டிலேயே பார்த்துக்கொள்ள என்னென்ன டூல்ஸ் வாங்கலாம்?

தாம்பரம்_பல்சர்:
வணக்கம். வீட்டில் இரண்டு வண்டி. என்னுடையது 2016 பல்சர் 150, அப்பாவுடையது ஸ்ப்ளெண்டர் பிளஸ், அதுவும் பழைய கார்புரேட்டர் வண்டிதான். போன முறை ஒரு கடையில் ஆயில் மாற்றக் கொடுத்தபோது ஸ்ப்ளெண்டரின் ஆயில் வடிக்கும் டிரெயின் போல்ட்டைத் தேய்ந்த ஸ்பேனரைப் போட்டு முறுக்கியிருக்கிறார்கள், மூலைகள் எல்லாம் உருண்டு கிடக்கின்றன. இனி ஆயில், பிளக், செயின், பிரேக் ஷூ, ஏர் ஃபில்டர் அளவுக்காவது நானே செய்யலாம் என்று இருக்கிறேன், கை பழகினால் டேப்பெட்டும் (வால்வு இடைவெளி சரிசெய்வது). பட்ஜெட் ஐயாயிரம். ஆன்லைனில் 46 பீஸ், 108 பீஸ் என்று வரிசையாகக் காட்டுகிறார்கள், விலை மலிவுதான், ஆனால் அதில் பாதி எதற்கென்றே புரியவில்லை. ஒரே செட்டாக வாங்கலாமா, தனித்தனியாகச் சேர்க்கலாமா? இடம் அபார்ட்மெண்ட் பார்க்கிங், கரண்ட் பாயிண்ட் கிடையாது.

பழைய_மெக்கானிக்:
தனித்தனியாகவே வாங்குங்கள் தம்பி. அந்த 46 பீஸ் பெட்டி கால் இன்ச் டிரைவ், அதாவது சாக்கெட் மாட்டும் சதுர முனை கால் இன்ச். 8, 10 மி.மீ. போல்ட்டுக்கும் பாடி பேனல் கழற்றவும் நன்றாக உதவும், ஆனால் பின் சக்கர அச்சு நட்டில் மாட்டி அழுத்தினால் ராட்செட்டின் பல் போய்விடும். அரை இன்ச் காருக்குச் சரி. பைக்கில் அது இடுக்குக்குள் நுழையாது, அதன் நீளக் கைப்பிடியால் சின்ன போல்ட்டை இறுக்கினால் கைக்குத் தெரியாமலே மரை போய்விடும். நமக்குச் சரியான அளவு 3/8 இன்ச். ஹார்டுவேர் கடையில் பெரும்பாலும் அரை இன்ச்சைத்தான் எடுத்து வைப்பார்கள், 3/8 வேண்டும் என்று அழுத்திக் கேளுங்கள், கூடவே ஒரு நீள எக்ஸ்டென்ஷன். சாக்கெட் வாங்கும்போது உள்ளே எட்டிப் பாருங்கள், ஆறு மூலை இருக்க வேண்டும். பன்னிரண்டு மூலை சாக்கெட் போல்ட்டின் மூலையை மட்டும்தான் பிடிக்கும், கொஞ்சம் தேய்ந்த தலை என்றால் வழுக்கி அதை இன்னும் உருட்டிவிடும். ஆறு மூலை பக்கத்தைப் பிடிக்கும்.

ஸ்ப்ளெண்டர் ஹோண்டா வழியில் வந்த வண்டி, அதனால் 8, 10, 12, 14, 17 இந்த ஐந்து அளவுக்குள் பெரும்பாலான வேலை முடிந்துவிடும். ரிங் ஸ்பேனர் செட் ஒன்று டபாரியா கம்பெனியிலோ அந்தத் தரத்தில் வேறு எதிலோ எடுங்கள், 10க்கும் 12க்கும் தனியாக டி ஸ்பேனர் (டி எழுத்து வடிவக் கைப்பிடி உள்ளது). கடைகளில் நாங்கள் நாள் முழுக்கக் கையில் வைத்திருப்பது டி ஸ்பேனர்தான், வேகமாகச் சுற்றலாம், அளவுக்கு மேல் இறுக்கவும் தோன்றாது. பிளக் ஸ்பேனர் 16, உங்கள் இரண்டு வண்டிக்கும் அதுவே. பல்சரில் பிளக் இரண்டு, மறந்துவிடாதீர்கள். அச்சு நட்டு மட்டும் வண்டிக்கு வண்டி மாறும். வெர்னியர் வைத்து எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே அளந்துகொண்டு போய் அந்த அளவில் நல்ல ரிங் ஸ்பேனராக ஒன்று வாங்குங்கள், அதில் காசு பார்க்காதீர்கள்.

உருண்ட டிரெயின் போல்ட்டுக்கு வழி இருக்கிறது. எஞ்சினை இரண்டு நிமிடம் ஓடவிட்டு வெதுவெதுப்பாக்குங்கள், ஆறு மூலை 17 சாக்கெட்டைத் தலையில் வைத்துச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி உட்கார வைத்து, ஒரே சீராகத் திருப்புங்கள். அதுவும் வழுக்கினால் வைஸ் கிரிப் (பிடித்ததும் பூட்டிக்கொள்ளும் பிளையர்). கீழே குனிந்து பார்க்கும்போது திசை குழம்பும், எந்தப் பக்கம் கழலும் என்று தொடங்கும் முன்பே நிச்சயப்படுத்திக்கொள்ளுங்கள், ஏனென்றால் போல்ட் இரும்பு, கேஸ் அலுமினியம், தவறான பக்கம் முறுக்கினால் கேஸின் மரைதான் முதலில் போகும். பிறகு ஹெலிகாயில் (போன மரைக்குப் பதில் வைக்கும் கம்பிச் சுருள்) போட லேத் வரைக்கும் அலைய வேண்டும். கழற்றியதும் அந்த போல்ட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது போல்ட், புது வாஷர்.

ஆர்எக்ஸ்_பிரியன்:
அண்ணன் சொன்னதோடு ஸ்க்ரூ டிரைவரைச் சேர்க்கிறேன், எல்லாரும் இதைத்தான் அலட்சியமாக விடுகிறார்கள். ஜப்பான் வழி வண்டிகளில் ஸ்டார் (கூட்டல் குறி) ஸ்க்ரூ பிலிப்ஸ் இல்லை, ஜேஐஎஸ், அதாவது ஜப்பானியத் தர அளவு. பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், பல ஸ்க்ரூக்களின் தலையில் அடையாளத்துக்கு ஒரு சின்னப் புள்ளி இருக்கும். பிலிப்ஸ் டிரைவரை அதில் வைத்தால் கூர்முனை அடியில் முட்டிக்கொண்டு பக்கவாட்டில் சரியாகப் பதியாது, அழுத்தித் திருப்பும்போது மேலே ஏறி வந்து பள்ளத்தை வழித்துவிடும். கார்புரேட்டர் கப்பின் ஸ்க்ரூ, டிஸ்க் பிரேக் ஆயில் டப்பாவின் மூடி ஸ்க்ரூ இரண்டும் இப்படித்தான் பாழாகின்றன, மூடி ஸ்க்ரூ துருப்பிடித்து வேறு ஒட்டிக்கொண்டிருக்கும். வெஸ்ஸல் மாதிரி ஜப்பான் கம்பெனி டிரைவரில் 2ஆம் நம்பர், 3ஆம் நம்பர் இரண்டும் வாங்குங்கள். என் ஆர்எக்ஸ்100இன் சைடு கவரில் 3 நம்பர்தான் உட்காரும், ஆனால் அதை 2 வைத்துத் திருகுகிறவர்கள்தான் அதிகம்.

விடாப்பிடியாக இருக்கும் ஸ்க்ரூவுக்கு சுத்தியலால் அடிக்கும் இம்பாக்ட் டிரைவர் இருக்கிறது, கரண்ட் வேண்டாம். அடிக்கிற அடியிலேயே முனை பள்ளத்துக்குள் அழுந்தித் திரும்புவதால் வழுக்காது. புதுப்பேட்டையில் கேட்டால் கிடைக்கும்.

தாம்பரம்_பல்சர்:
ரொம்ப நன்றி அண்ணா, இருவருக்கும். ஜேஐஎஸ் விஷயம் எனக்குப் புதிது, அப்பாவிடம் சொன்னேன், அவருக்கும் புதிது. டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஸ்பேனர்) கட்டாயமா? யூடியூபில் எல்லாரும் அதில்லாமல் தொடாதே என்கிறார்கள், இங்கே கடைகளில் ஒருவர் கையிலும் பார்த்ததில்லை. டேப்பெட்டுக்குத் தனியாக என்ன வேண்டும்?

டியூக்_ஓட்டுநர்:
டார்க் ரெஞ்ச் வாங்குங்கள் ப்ரோ, முதல் மாதமே வேண்டாம். இருபது வருடம் போல்ட் இறுக்கிய கைக்கு அளவு தெரியும், நமக்குத் தெரியாது, வித்தியாசம் அவ்வளவுதான். எஞ்சின் கவரில் இருப்பவை பெரும்பாலும் எம்6 (6 மி.மீ. தடிமன்) போல்ட், அவற்றுக்குத் தேவை 10 நியூட்டன் மீட்டர் அளவுதான். இருபது சென்டிமீட்டர் ஸ்பேனரின் நுனியில் ஐந்து கிலோ எடை தொங்கினால் எவ்வளவோ அவ்வளவு. நாம் கை முஷ்டியால் கொடுப்பது சர்வ சாதாரணமாக அதைப் போல் இரண்டு மூன்று மடங்கு.

மலிவாகக் கிடைக்கும் பெரிய டார்க் ரெஞ்ச் பல 40 நியூட்டன் மீட்டரில்தான் தொடங்கும், கார் வீலுக்கு ஆனது, உங்கள் வேலைக்கு அதனால் பயனே இல்லை. 5இலிருந்து 25, அல்லது 10இலிருந்து 60 என்று வருவதைத் தேடுங்கள். வேலை முடிந்ததும் அளவைக் கீழ்க்கோட்டுக்கு இறக்கி வையுங்கள், ஏற்றி வைத்தபடி விட்டால் உள்ளே ஸ்பிரிங் தளர்ந்து கணக்கு மாறிவிடும். போல்ட்டைக் கழற்ற அதை எடுக்கவே கூடாது.

ஸ்டாண்ட் வாங்க வேண்டாம், உங்கள் இரண்டு வண்டியிலும் சென்டர் ஸ்டாண்ட் இருக்கிறது. என் வண்டியில் கிடையாது, செயினுக்கு ஆயில் விடக்கூட பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் பேடாக் ஸ்டாண்ட் வேண்டும். அந்தப் பணத்தில் ஒரு மல்டிமீட்டர் எடுங்கள். வண்டி ஓடாமல் இருக்கும்போது பேட்டரி 12.6 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும், ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் 13.5க்கு மேல் ஏறி 14.5க்குள் நிற்க வேண்டும். ஏறவே இல்லை என்றால் சார்ஜிங் பக்கம் கோளாறு, பேட்டரியை மாற்றிச் செலவு செய்யும் முன் இதைப் பார்த்துவிடலாம்.

பழைய_மெக்கானிக்:
டேப்பெட்டுக்கு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), டேப்பெட் கீ (இடைவெளித் திருகைத் திருப்பும் சின்னச் சாவி), இவ்வளவுதான். கேஜ் 0.05 மி.மீ. தகட்டிலிருந்து தொடங்க வேண்டும், பெரிய தகடுகள் மட்டும் உள்ளதை வாங்கிவிடாதீர்கள். எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும், ராத்திரி நிறுத்திக் காலையில் தொடுவது நல்லது. மேக்னெட்டில் (எஞ்சினோடு சுற்றும் காந்தச் சக்கரம்) டி குறியைக் கேஸில் உள்ள அடையாளத்துக்கு நேராகக் கொண்டுவந்து, இரண்டு ராக்கரும் (வால்வை அழுத்தும் கைகள்) லேசாக ஆடுகிறதா என்று விரலால் பாருங்கள். ஆடவில்லை என்றால் இன்னொரு முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும். ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவில் விட்ட தகடு இழுக்கும்போது லேசாக உரசிக்கொண்டு வர வேண்டும், அந்த உரசல் எவ்வளவு என்பது எழுதிப் புரிய வைக்க முடியாது, தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். நட்டை இறுக்கும்போது அளவு மாறும், அதனால் இறுக்கிய பிறகும் ஒரு முறை தகடு விட்டுப் பார்க்க வேண்டும். சரியான அளவு அந்தந்த வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும்.

தாம்பரம்_பல்சர்:
சரி, இப்போதைக்கு ரிங் ஸ்பேனர் செட், 3/8 ராட்செட்டோடு ஆறு மூலை சாக்கெட், இரண்டு டி ஸ்பேனர், பிளக் ஸ்பேனர், இரண்டு ஜேஐஎஸ் டிரைவர், ஆலன் கீ செட். மீதிப் பணம் இருந்தால் மல்டிமீட்டர். டார்க் ரெஞ்சும் ஃபீலர் கேஜும் பொங்கல் போனஸில். கழிவு ஆயிலை என்ன செய்வது?

ஆர்எக்ஸ்_பிரியன்:
பழைய ஆயில் கேனிலேயே ஊற்றி மூடி, ஏதாவது ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள், அவர்கள் பேரலில் சேர்த்து வாங்குகிறவர்களுக்கு விற்பார்கள். பார்க்கிங் சாக்கடையில் மட்டும் விடாதீர்கள். தரையில் சிந்தினால் மரத்தூளோ மணலோ போட்டு உடனே கூட்டி எடுத்துவிடுங்கள், கறை ஊறிவிட்டால் அசோசியேஷனில் அடுத்த முறை வண்டியைக் கழற்றவே விட மாட்டார்கள்.