மோ டக்கரின் மேளம் ஏன் நின்றது?

செவிப்பறை: "மோ டக்கருக்கு டிரம்ஸ் வாசிக்கத் தெரியாது; அவரையும் மீறித்தான் வெல்வெட் அண்டர்கிரவுண்ட் பெயர் வாங்கியது" என்று நாலுக்குநாலு நேற்று தீர்ப்பெழுதியிருக்கிறார். 1960களின் அந்த அமெரிக்க ராக் குழுவில், பாஸ் டிரம் என்ற பெரிய முரசைப் படுக்கவைத்து, நின்றபடியே உருண்டைத் தலை கொண்ட மேலட் கோல்களால் அடித்து, சிம்பல் என்ற உலோகத் தட்டைப் பெரும்பாலும் ஒதுக்கிய பெண் டிரம்மர் டக்கர். அமெரிக்க ராக் கலைஞர் போ டிட்லியையும் நைஜீரிய மேளக்காரர் ஒலாதுஞ்சியையும் கேட்டு வளர்ந்த கை அது. சிம்பல் விட்டுவைத்த வெற்றிடத்தில்தான் குழுவின் ஜான் கேல் வாசித்த வயோலாவின் (வயலினைவிடச் சற்றுப் பெரிய கருவி) ரீங்காரம் குடியேறியது.

நாலுக்குநாலு: இவ்வளவு எழுதியவர், குழுவின் 1967 தொகுப்பிலுள்ள 'ஹெராயின்' பாடலில் ஐந்து நிமிடம் கடந்ததும் மேளம் நின்றுபோவதை மட்டும் ஏன் விட்டுவிட்டார்? மற்றவர்கள் வாசித்தது காதில் விழவில்லை என்று டக்கரே சொல்லியிருக்கிறார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

செவிப்பறை: நின்றது, மீண்டும் சேர்ந்துகொண்டது. பாடகர் லூ ரீடின் குரலோடு வேகம் ஏறி இறங்கும் அந்தப் பாடலைச் சீரான தாளத்தில் அடைத்திருந்தால் பாட்டே செத்திருக்கும். இசை கிரேடு தேர்வுச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பவருக்கு இது புரியாது. பீட்டில்ஸ் டிரம்மர் ரிங்கோ ஸ்டார் இடதுகைக்காரர் என்பதையே போன மாதம் மறுத்தவர்தானே நீங்கள்?

நாலுக்குநாலு: ரிங்கோவை எதற்கு இழுக்கிறீர்கள்? மேளம் நின்றதா, இல்லையா?

இசைத்தட்டு: 1970இல் வந்த குழுவின் 'லோடட்' தொகுப்பில், கருவுற்றிருந்ததால் டக்கர் வாசிக்கவில்லை, குழுவின் இன்னொரு உறுப்பினரான டக் யூலும் வேறு சிலரும் வாசித்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த தொகுப்பு அதுதான்.

செவிப்பறை: என் கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா? டக்கர் இல்லாத அந்தத் தொகுப்பில் அவர்கள் வானொலிக்கு ஏற்ற ராக் குழுவாகிவிட்டார்கள். அவர்களின் முந்தைய பாடலான 'சிஸ்டர் ரே'யின் 17 நிமிட முரட்டுத்தனம் அதில் எங்கே?

இசைத்தட்டு: 1968இலேயே கேல் வெளியேறிவிட்டாரே, அந்த மாற்றத்துக்கு அது காரணமில்லையா?

செவிப்பறை: பேச்சு கேலைப் பற்றியதன்று, ஐயா. மேளம் நின்ற அந்தச் சில நொடிகளில் வயோலா கிறீச்சிடுகிறதே, அந்தத் திகிலைப் பயிற்சி பெற்ற எந்த டிரம்மர் தந்திருப்பார்?

நாலுக்குநாலு: ஆக, நின்றது.

செவிப்பறை: நின்றது என்று நான் முன்பே எழுதிவிட்டேன், ரிங்கோ விவாதத்திலும் நீங்கள் இப்படித்தான் பாதியைப் படித்துவிட்டுப் பதில் எழுதினீர்கள்.

நாலுக்குநாலு: அந்த விவாதத்தில் என் பதிவை நீக்கச் சொல்லி முறையிட்டது யார் என்று முதலில் சொல்லுங்கள்.